ஆங்கிலத்தின் இளமைப் பெயர்கள்: புதிதாகப் படிப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஷேக்ஸ்பியர் நாடகத்திலோ 1611-ஆம் ஆண்டு பைபிள் மொழிபெயர்ப்பிலோ பழைய வேட்டைக் குறிப்பிலோ ‘பிரிக்கெட்’, ‘ஹாகெட்’, ‘ஐயஸ்’ என்று ஒரு சொல் குறுக்கே வந்தால் பலரும் இணையத்தில் ஒரு பட்டியலைத் தேடி எடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். மான் என்றால் ஃபான், செம்மறி என்றால் லாம்ப் என்று ஒன்றுக்கு ஒன்றாக நிறுத்தும் பட்டியல் அது. நாலு நாளில் மறந்துபோகும். மறக்காவிட்டாலும் படிக்கிற இடத்தில் பொருந்தாது. மந்தை மேய்த்தவர், மான் வேட்டையாடியவர், வல்லூறு பழக்கியவர், ஆற்றில் வலை போட்டவர் என ஒவ்வொருவரும் தம் தொழிலுக்கு எந்த வயது முக்கியமோ அந்த வயதுக்குத் தனிப் பெயர் வைத்தார்கள். ஆகவே இவற்றைத் தொழில்வாரியாகப் படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

நமக்கு இது புதிய விஷயம் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல் தொடங்குவதே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது இளமைப் பெயர்களோடுதான். எந்த உயிருக்கு எந்தப் பெயர் உரியது என்று அது வகுத்துச் சொல்கிறது. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை. யானைக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் கன்று. அங்கே பிரிவு இனத்தை வைத்து. ஆங்கிலத்தில் இனத்தோடு வயதும் பாலும் சேர்ந்துகொள்ளும். சில இடங்களில் வயதுதான் முதல் கணக்கு.

முதலில் நோட்டுப் புத்தகம்

ஒரு நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: சொல், விலங்கு, வயது, பால், யாருடைய சொல், எந்த ஆண்டு நூலில் கண்டது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். குழப்பம் வருவதெல்லாம் அந்த இரண்டில்தான். ஆறாவது பத்திக்குக் கீழே, சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். வாக்கியம் இல்லாமல் எழுதிய சொல்லை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் என்ன என்றே விளங்காது.

சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுவது அவசியம். தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால், முட்டையிடும் பருவத்துக்கு வந்த இளங்கோழியைக் குறிக்கும் ‘புல்லெட்’ துப்பாக்கிக் குண்டாகிவிடும். இரண்டாம் ஆண்டு மானைக் குறிக்கும் ‘பிராக்கெட்’ அடைப்புக்குறியாகிவிடும். கோழிக்கு உள்ள சொல் ‘பி’ என்னும் பதினாறாம் எழுத்தில் தொடங்கும், குண்டுக்கு உள்ளது இரண்டாம் எழுத்தில். மானுக்கு உள்ள சொல்லில் மூன்றாவது எழுத்து ‘ஓ’, அடைப்புக்குறியில் ‘ஏ’.

ஒவ்வொரு சொல்லிடமும் நான்கு கேள்வி

என்ன விலங்கு? எத்தனை வயது? ஆணா பெண்ணா? சொல்பவர் யார்? இந்த நான்கையும் ‘ஹெஃபர்’ என்ற சொல்லில் போட்டுப் பாருங்கள். எழுத்து ஹெச், ஈ, ஐ, எஃப், ஈ, ஆர். எழுத்தைப் பார்த்து ‘ஹீஃபர்’ என்றோ ‘ஹைஃபர்’ என்றோ படித்தால் தவறு. விலங்கு மாடு. பால் பெண். வயதை ஆண்டுக் கணக்கில் சொல்வதில்லை, இன்னும் கன்று ஈனாதது என்பதே கணக்கு. சொல்பவர் மாடு வளர்ப்பவர். நம்மூரில் கிடேரி என்கிறோமே, அதேதான். கன்றுக்குட்டி என்று மொழிபெயர்த்தால் சினைக்கு நிற்கும் மாட்டைப் பால்குடிக் கன்றாக்கிவிடுவோம்.

நான்கில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். ‘ஃபோல்’ என்ற குதிரைக் குட்டிப் பெயருக்குப் பால் பத்தி காலியாகத்தான் இருக்கும், இரு பாலுக்கும் அது பொது. ‘கோல்ட்’ ஆண், ‘ஃபில்லி’ பெண்.

மான்: ஆண்டுக்கு ஒரு பெயர்

கற்கத் தொடங்க மிக நல்ல இடம் மான் வேட்டை. சொல் வளமும் ஒழுங்கும் இங்கே சேர்ந்து இருக்கின்றன. இங்கிலாந்தின் காட்டுச் சட்டங்களைத் தொகுத்து ஜான் மேன்வுட் 1598-இல் வெளியிட்ட நூலில் இந்த வரிசைகள் உண்டு.

முதலில் மூன்று மான் இனங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய செம்மானின் குட்டி ‘காஃப்’. பனையோலை போல விரிந்த கொம்புடைய ஃபேலோ மானின் குட்டி ‘ஃபான்’. சிறிய ரோ மானின் குட்டி ‘கிட்’. வேட்டை நூலில் ‘காஃப்’ என்று கண்டதும் மாட்டுக்கன்று என்றும், ‘கிட்’ என்று கண்டதும் ஆட்டுக்குட்டி என்றும் எழுதிவிடுவதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் முதல் தவறு. பக்கத்தில் ‘ஹைண்ட்’ என்ற சொல் இருந்தால் அது செம்மானின் பெண். ‘டோ’ இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. தாயின் பெயரைப் பார்த்துக் குட்டியை முடிவு செய்யுங்கள்.

ஆண் செம்மான் முதல் ஆண்டில் காஃப், இரண்டாம் ஆண்டில் பிராக்கெட், மூன்றில் ஸ்பேயட், நான்கில் ஸ்டாகர்ட், ஐந்தில் ஸ்டாக், ஆறில் ஹார்ட். ஆறாம் ஆண்டிலிருந்துதான் அது முழு மதிப்புள்ள வேட்டை விலங்கு. ஃபேலோ மானின் ஆணுக்கு வரிசை வேறு: ஃபான், பிரிக்கெட், சோரெல், சோர், பிறகு முதல் தலைக் கொம்புடைய பக், ஆறாம் ஆண்டில் பெரிய பக்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஆண் மானுக்கு ஆண்டுதோறும் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கும். இரண்டாம் ஆண்டில் கிளையில்லாத ஒற்றைக் குச்சியாக நிற்கும். பிரிக்கெட் என்ற பெயர் முள், கூர் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. பிராக்கெட்டும் கூரான குச்சியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்ததுதான். வேட்டைக்காரர் தூரத்திலிருந்து கொம்பைப் பார்த்து வயது மதிப்பிட்டார், இளையதை விட்டுவிட்டார். ஆனால் கொம்பின் கிளைகளை எண்ணி வயதைச் சரியாகச் சொல்லிவிட முடியாது. தீனியும் உடல்நிலையும் கொம்பை மாற்றும். எனவே நூலில் ‘பிரிக்கெட்’ என்று வந்தால் கொம்பு வடிவத்தை உறுதியாகவும் வயதை ஏறத்தாழவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பொறிகள் உண்டு. தேவாலயப் பொருள்களின் பட்டியலில் ‘பிரிக்கெட்’ வந்தால் அது மெழுகுவர்த்தியைக் குத்தி நிறுத்தும் கூருடைய தாங்கி. தற்கால விலங்கியல் நூலில் ‘பிராக்கெட்’ வந்தால் தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு சிறு மான் வகை. அங்கே அது வயதுப் பெயரே இல்லை.

இந்த வரிசை தெரியாமல் ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஒரு கட்டத்தைக் கடக்க முடியாது. இளவரசி எய்த மானைப் பற்றி ஹோலோஃபர்னிஸ் என்ற பள்ளி ஆசிரியர் கவிதை கட்டுகிறார். பிரிக்கெட், சோர், சோரெல் மூன்றும் வரிசையாக வருகின்றன. ‘சோர்’ என்றால் நான்காம் ஆண்டு மான், புண் என்றும் பொருள். அதன் பின்னால் ‘எல்’ எழுத்தைச் சேர்த்தால் சோரெல். ரோமன் எண்ணில் ‘எல்’ ஐம்பது. ஆகவே ஒரு சோர் ஐம்பது சோர் ஆயிற்று, இன்னொரு ‘எல்’ போட்டால் நூறு என்று கணக்குப் போகிறது. உரைக் குறிப்பைப் பார்த்து இதைப் புரிந்துகொள்வது வேறு, வயது வரிசை கையில் இருந்து தானாகச் சிரிப்பது வேறு. அந்தச் சுகத்துக்காகவே இந்த வரிசையை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

செம்மறி: பல்லும் மயிரும்

மேய்ப்பர் கணக்கு ஆண்டை விட மயிர் கத்தரிப்பையும் பல்லையும் சார்ந்தது. பால் மறக்கும் வரை ‘லாம்ப்’. அதன்பின் முதல் மயிர் கத்தரிப்பு வரை ‘ஹாக்’, ‘ஹாகெட்’, ‘டெக்’ என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். ஒருமுறை கத்தரித்தது ‘ஷியர்லிங்’. இன்னும் ஈனாத இளம் பெண்ணாட்டுக்கு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘கிம்மர்’, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் ‘தீவ்’. கடைசிச் சொல்லைக் காதால் கேட்டால் திருடனைக் குறிக்கும் சொல்லைப் போலவே இருக்கும். எழுத்து வேறு: டி, ஹெச், ஈ, ஏ, வி, ஈ.

பல் கணக்கு நம்மூர்ச் சந்தையில் நடப்பதுதான். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து பெரிய பல் முளைக்கும். இரண்டு வயதளவில் நான்கு, மூன்றில் ஆறு, நான்கில் எட்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘டூ டூத்’ என்று சொல்வது ‘ரெண்டு பல்லு போட்டது’ என்று நம் ஆட்டு வியாபாரி சொல்வதேதான். அப்படியே மொழிபெயர்க்கலாம், விளக்கமே தேவையில்லை.

இங்கே அதிகம் தடுக்குவது ‘ஹாக்’. பண்ணை ஏட்டில் நாற்பது ‘ஹாக்’ என்று இருந்தால் அவை பன்றிகளா, இளம் செம்மறிகளா? அதே பக்கத்தில் மயிர், மேய்ச்சல், கத்தரிப்பு என்று வருகிறதா பாருங்கள், வந்தால் செம்மறி. கொட்டில், தவிடு, கொழுப்பு என்று வந்தால் பன்றி. இன்று இறைச்சிக்கடையில் ‘ஹாகெட்’ என்றால் லாம்புக்கும் மட்டனுக்கும் இடைப்பட்ட வயதுடைய ஆட்டின் கறி.

தாய் இறந்தோ தாய் ஒதுக்கியோ மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்த ஆட்டுக்குட்டிக்கு ‘கேட்’ என்று ஒரு பெயர் உண்டு. எழுத்து சி, ஏ, டி, ஈ. வாயிற்கதவைக் குறிக்கும் ‘கேட்’டோடு குழப்பாதீர்கள்.

பன்றிக் குட்டிகளில் கடைசியாகப் பிறந்த நோஞ்சான் குட்டிக்கு மட்டும் எத்தனை வட்டாரப் பெயர்! பொது ஆங்கிலத்தில் ‘ரண்ட்’. லீட்ஸ் பல்கலைக்கழகம் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் நடத்திய பேச்சுவழக்கு ஆய்வில் இந்தக் குட்டியின் பெயரும் ஒரு கேள்வி. கேட், டில்லிங், ராட்லிங், ரெக்லிங், நிஸ்கல் என்று இடத்துக்கு இடம் விடை மாறியது. ராட்லிங்கும் ரெக்லிங்கும் எந்த ஊர்க் கதையில் வருகின்றன என்று குறித்துக்கொண்டால் எழுத்தாளர் எந்த வட்டாரத்துக்காரர் என்பதற்கு அதுவே ஒரு தடயம்.

குதிரையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் பந்தயத் துறையில் நான்கு வயது முடியும் வரை கோல்ட், ஃபில்லி. பந்தயக் குதிரைகளுக்கு வட அரைக்கோளத்தில் ஜனவரி 1-ஆம் தேதி எல்லாவற்றுக்கும் ஒன்றாக வயது கூடும், தென் அரைக்கோளத்தில் ஆகஸ்ட் 1. ஏப்ரலில் பிறந்த குட்டி அடுத்த ஜனவரியில் ‘இயர்லிங்’ ஆகிவிடும், உண்மையில் அதற்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். பந்தயச் செய்திகளை வைத்து வயதுக் கணக்குப் போடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பறவை: எங்கே பிடித்தார்கள்?

வல்லூறு பழக்குவோர் பறவையின் வயதைப் பிடித்த இடத்தால் சொன்னார்கள். கூட்டிலிருந்தே எடுத்த குஞ்சு ‘ஐயஸ்’. கூட்டை விட்டுக் கிளைக்கு வந்து, இன்னும் சரியாகப் பறக்கத் தெரியாத நிலையில் பிடித்தது ‘பிராஞ்சர்’. முதல் ஆண்டு வலசைப் பயணத்தில் பிடித்தது ‘பாசேஜர்’. இறகு உதிர்த்து வளர்ந்த பிறகு பிடித்தது ‘ஹாகர்ட்’. இதில் ஒரு பெரிய தொழில் உண்மை இருக்கிறது. ஐயஸ் மனிதரோடு எளிதில் பழகும். ஆனால் இரைக்காக ஓயாமல் கத்தும், வேட்டையைத் தாயிடம் கற்றிருக்காது. ஹாகர்ட்டைப் பழக்குவது கடினம், வேட்டையில் தேர்ந்தது. அதனால் பழைய நாடகங்களில் அடங்காத பெண்ணை ஹாகர்ட் என்றால் வசவின் பின்னால் வல்லூறு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒடுங்கிய முகத்தைக் குறிப்பது பிற்காலப் பொருள்.

ஐயஸ் என்ற சொல்லின் எழுத்து ஈ, ஒய், ஏ, எஸ். கூட்டுப் பறவை என்னும் பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தபோது முன்னால் ‘என்’ எழுத்து இருந்தது. ‘ஏ நையஸ்’ என்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் ‘ஆன் ஐயஸ்’ என்று பிரித்துக்கொண்டார்கள். ‘என்’ முன்சொல்லோடு போய்விட்டது. ஆகவே பழைய ஏடுகளில் தேடும்போது ‘என்’ எழுத்தின் கீழும் தேடுங்கள். ஹாம்லெட் நாடகத்தில் இச்சொல் வருமிடம் பறவையைப் பற்றியதே அல்ல. லண்டனில் அப்போது பெயர் பெற்ற சிறுவர் நடிகர் குழுக்களைத்தான், கத்தும் குஞ்சுகள் என்று அங்கே குறைசொல்கிறார்கள்.

வளர்ப்புப் பறவைகளில் ‘புல்லெட்’ ஓராண்டுக்கு உட்பட்ட பெண்கோழி, ‘காக்கரெல்’ அதே வயதுச் சேவல். வான்கோழி, ஃபெசன்ட் குஞ்சுகளுக்கு ‘போல்ட்’. புறாக் குஞ்சுக்கு ‘ஸ்குவாப்’. கறிக்காக வளர்ப்போர் ஏறத்தாழ நான்கு வாரத்தில், பறக்கத் தொடங்கும் முன் எடுப்பார்கள். பழைய மோட்டார் வாகன நூலில் இதே சொல் வந்தால் இருக்கையின் மெத்தை. அன்னக் குஞ்சு ‘சிக்னெட்’; முத்திரை மோதிரத்தைக் குறிக்கும் ‘சிக்னெட்’டும் ஒலியில் அப்படியே இருக்கும், முதல் இரண்டு எழுத்துகளில்தான் வேறுபாடு. தேம்ஸ் ஆற்றில் ஒவ்வொரு ஜூலையிலும் அரசரின் சார்பிலும் வின்ட்னர்ஸ், டையர்ஸ் என்ற இரு பழைய லண்டன் வணிகக் குழுக்களின் சார்பிலும் படகில் போய் அன்னங்களை எண்ணும் சடங்கு இன்றும் நடக்கிறது. அந்தச் செய்திகளில் இச்சொல்லை உயிரோடு பார்க்கலாம்.

மீன்: உருவமே மாறும்

சால்மன் மீனுக்கு ஆங்கிலத்தில் உள்ள வரிசை அறிவியலுக்கு இணையான துல்லியம் உடையது. முட்டையிலிருந்து வந்து வயிற்றில் கருமூட்டையோடு சரளைக் கல்லிடையே கிடப்பது ‘அலெவின்’. கருமூட்டை கரைந்து தானே இரை தேடுவது ‘ஃப்ரை’. பக்கவாட்டில் விரல் பதித்தாற்போலக் கரும்பட்டைகள் தோன்றினால் ‘பார்’. எழுத்தில் இறுதியில் இரண்டு ‘ஆர்’. பட்டை மறைந்து உடல் வெள்ளியாகி, உப்புநீருக்கு உடம்பு தயாராகிக் கடலை நோக்கி இறங்குவது ‘ஸ்மோல்ட்’. கடலில் ஒரே ஒரு குளிர்காலம் கழித்துத் திரும்புவது ‘கிரில்ஸ்’.

பார் என்பது சால்மனின் குஞ்சா, தனி மீனா என்று நெடுங்காலம் சச்சரவு இருந்தது. 1830களில் ஸ்காட்லாந்தின் டிரம்லான்ரிக்கில் ஜான் ஷா என்பவர் குளங்களில் வளர்த்துப் பார்த்து, பார்தான் ஸ்மோல்ட் ஆகிறது என்று காட்டினார். எனவே அதற்கு முந்தைய மீன்பிடி நூலில் ‘பார்’ வந்தால் ‘சால்மன் குஞ்சு’ என்று எழுதாதீர்கள். எழுதியவர் அதைத் தனி மீன் என்றே நம்பியிருக்கலாம்.

விலாங்குக்கு ‘எல்வர்’. கடலிலிருந்து கண்ணாடி போல வந்து, ஆற்றில் நுழைந்து நிறம் ஏறும் குட்டி விலாங்கு அது. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் வசந்த கால இரவுகளில் ஏற்றத்தோடு வரும் இவற்றை வலையில் அள்ளுவது பழைய தொழில். சிப்பியின் குஞ்சு ‘ஸ்பாட்’. ஓட்டிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்ட பிறகு அந்தப் பெயர்.

ஈற்றைப் பாருங்கள், நம்பிவிடாதீர்கள்

தெரியாத சொல் வந்தால் அதன் ஈறு ஒரு குறிப்புத் தரும். ‘லிங்’ வந்தால் குட்டியாக இருக்கலாம்: டக்லிங், காஸ்லிங், நெஸ்ட்லிங், இளம் காட் மீனுக்குக் காட்லிங். ‘எட்’ பிரெஞ்சு வழி வந்த சிறுமை ஈறு: ஆந்தைக் குஞ்சு ஔலெட், முயலின் குட்டி லெவரெட். ‘ரெல்’ என்றால் காக்கரெல், இளம் பைக் மீனுக்குப் பிக்கரெல். ஆனால் ‘ஸ்டார்லிங்’ மைனா இனத்துப் பறவை, குஞ்சு அல்ல. அமெரிக்காவில் பிக்கரெல் தனி மீன். ‘புல்லக்’ என்பதன் ஈறும் சிறுமையைக் காட்டியதுதான். தொடக்கத்தில் இளங்காளையைக் குறித்து, இன்று காயடித்த மாட்டைக் குறிக்கிறது.

ஆண்டைப் பார்க்காமல் பொருள் எழுதாதீர்கள்

பலர் கவனிக்காமல் விடுவது இதுதான். இன்று முழு விலங்கையும் குறிக்கும் பல சொற்கள் ஒருகாலத்தில் குட்டியை மட்டும் குறித்தன. ‘பேர்ட்’ பழைய ஆங்கிலத்தில் குஞ்சுதான். பறவைக்குப் பொதுச்சொல் இன்றைய ‘ஃபவுல்’ என்பதன் முன்னோர். ‘பிக்’ பன்றிக்குட்டியாக இருந்தது. ‘பிஜன்’ கீச்சிடும் குஞ்சு என்ற பொருளில் பிரெஞ்சு வழி வந்தது. ‘பப்பி’ சீமாட்டிகளின் மடியில் கிடந்த சிறு நாய்க்குப் பெயர். நாய்க்குட்டிக்கு அன்று ‘வெல்ப்’.

‘ராபிட்’ நல்ல எடுத்துக்காட்டு. வளர்ந்தது ‘கோனி’, குட்டிதான் ராபிட். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தில் வரும் ‘ராபிட் சக்கர்’ பால் மறக்காத குட்டி. 1611 பைபிளில் ‘கோனி’ என்று உள்ள இடமோ முயலே இல்லை. மூல மொழியில் அது பாறையிடுக்கில் வாழும் வேறொரு சிறு விலங்கு. தமிழ் பைபிளில் குழிமுசல் என்று படித்திருப்பீர்கள், அதே இடம்தான்.

மனிதப் பெயரில் ‘கேர்ல்’. நடுக்கால ஆங்கிலத்தில் ஆண், பெண் இரு பாலுக்கும் பொதுவான பிள்ளை. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கவிதையில் வரும் இளம் ‘கேர்ல்கள்’ எல்லாரும் சிறுமிகள் என்று எழுதினால் பாதிப் பேரைப் பால் மாற்றிவிடுவோம்.

மனிதப் பிள்ளைகளுக்கு வரும்போது

இங்கே ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொல்பவர் கொஞ்சுகிறாரா, திட்டுகிறாரா? ‘ஸ்டிரிப்லிங்’ ஒடிசலாக வளர்ந்த பையன். கோலியாத்தைக் கொன்ற தாவீதைச் சவுல் மன்னன் விசாரிக்கும் இடத்தில் 1611 பைபிளில் இச்சொல் உண்டு. வசவு இல்லை, வியப்பு இருக்கிறது. ‘ஹாபில்டிஹாய்’ கையும் காலும் எங்கே வைப்பது என்று தெரியாத விடலைப் பருவத்தான், கேலி உண்டு. ‘சிட்’ முதலில் விலங்குக் குட்டி, பிறகு வாய்த்துடுக்குள்ள சின்னப் பெண். ‘அர்ச்சின்’ முதலில் முள்ளெலி, பிறகு தெருவில் திரியும் கிழிசல் சட்டைப் பையன். ‘காக்னி’ சேவலிட்ட முட்டை என்ற பொருளில் தொடங்கி, செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளையாகி, நகரத்தான் ஆகி, கடைசியில் லண்டன்காரர் ஆயிற்று. ‘வீன்’ என்று படிக்கத் தோன்றும் ஸ்காட்லாந்துச் சொல்லை ‘வெய்ன்’ என்று சொல்ல வேண்டும். சின்னது என்று பொருள்பட்ட இரண்டு சொல் ஒட்டிப் பிறந்த பிள்ளைப் பெயர்.

‘இம்ப்’ இன்று குட்டிச் சாத்தான். பழைய பொருள் செடியின் ஒட்டுக் கிளை, இளந்தளிர். அதிலிருந்து வழித்தோன்றல் ஆன பிள்ளை. வாரிக் நகரின் புனித மேரி தேவாலயத்தில் 1584-இல் இறந்த ராபர்ட் டட்லி என்ற சிறுவனின் கல்லறை இருக்கிறது. லெஸ்டர் பிரபுவின் மகனான அவனை அந்தக் கல்வெட்டு ‘நோபிள் இம்ப்’ என்கிறது. மகனைப் பறிகொடுத்த வீட்டார் சாத்தான் என்று எழுதுவார்களா? தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று செடிக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் வைக்கும் நமக்கு இந்தப் பொருள் சட்டென்று பிடிபடும்.

குடும்ப வரலாறு தேடுவோர் தேவாலயப் பதிவேட்டில் ‘கிரிசம்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ஞானஸ்நானத்தில் போர்த்திய வெள்ளைத் துணி அது. ஒரு மாதத்துக்குள் குழந்தை இறந்தால் அதே துணியைச் சுற்றி அடக்கம் செய்தார்கள், குழந்தைக்கும் அந்தப் பெயர் வந்தது. லண்டனின் பழைய மரணப் பட்டியல்களில் கிரிசம்களும் சிசுக்களும் என்று தனி வரிசையே உண்டு. அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணிப் பதிவோர் உண்டு, கவனம்.

அகராதியைத் திறக்கும் வரிசை

நூலின் ஆண்டைப் பார்த்து அகராதியைத் தேர்ந்தெடுங்கள். 1100க்கு முந்தையது என்றால் பாஸ்வொர்த்-டோலர் பழைய ஆங்கில அகராதி. அங்கிருந்து 1500 வரை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நடுக்கால ஆங்கில அகராதி. இரண்டும் இணையத்தில் இலவசம். பதினெட்டாம் நூற்றாண்டு நூலுக்கு 1755-இல் வந்த ஜான்சன் அகராதி. வட்டாரச் சொல்லுக்கு 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்த ஜோசப் ரைட்டின் பேச்சுவழக்கு அகராதி. எந்தக் கவுண்டியில் (இங்கிலாந்தின் மாவட்டப் பிரிவில்) வழங்கியது என்று அது சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக மேற்கோளோடு பார்க்க ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதி. சந்தா வேண்டும், பல நூலகங்கள் வழியாகக் கிடைக்கும்.

சொல் கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றிப் பாருங்கள். ‘ஐ’ இருக்கும் இடத்தில் ‘ஒய்’, இறுதியில் ஒரு ‘ஈ’, ஒற்றை மெய்க்கு இரட்டை மெய். பெரும்பாலும் இந்த மூன்றிலேயே கிடைத்துவிடும். எந்த அகராதியிலும் ஆண்டோடு ஒரு மேற்கோள்கூட இல்லாமல் இணையப் பட்டியலில் மட்டும் உலவும் குட்டிப் பெயரை நோட்டில் ஏற்றாதீர்கள். அப்படிப் பட்டவை ஒன்றிலிருந்து ஒன்று நகலாகப் பரவியவை.

தமிழில் எழுதும்போது

முதலில் நம் மாட்டுக்காரர், ஆட்டுக்காரர் சொல்லைத் தேடுங்கள். ஹெஃபருக்குக் கிடேரி, புல்லெட்டுக்கு வெடைக்கோழி, டூ டூத்துக்கு ரெண்டு பல் ஆடு. இவை இருக்கும்போது ‘இளம் பசு’, ‘இளம் கோழி’ என்று எழுதுவது சொல்லின் உயிரை எடுத்துவிடும். இரண்டாவதாக, தொல்காப்பியச் சொல் அழகாக இருக்கிறதே என்று இன்றைய உரைநடையில் பறழ், குருளை என்று போடாதீர்கள். மூலநூலே பழைய நடையில் இருந்தால் மட்டும் பொருந்தும். மூன்றாவதாக, ஸ்மோல்ட், ஐயஸ் போலத் தமிழ்நாட்டில் அந்தத் தொழிலே இல்லாத சொற்களை ஒலிபெயர்த்து, முதல்முறை வரும் வாக்கியத்திலேயே பொருள் விளங்கும்படி எழுதுங்கள். ‘கூட்டிலிருந்து எடுத்து வளர்த்த ஐயஸ்’ என்றால் போதும்.

லெவரெட்டுக்கு மட்டும் ஒரு சிறப்புக் கவனம். ஆங்கிலத்தில் ஹேர் வேறு, ராபிட் வேறு. லெவரெட் ஹேரின் குட்டி. திறந்த வெளியில், உடம்பெல்லாம் மயிரோடு, கண் திறந்தே பிறக்கும். ராபிட்டின் குட்டி வளைக்குள் மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கும். தமிழ்நாட்டுப் புதர்க்காட்டில் ஓடும் நம் முயல் ஹேர் இனம், கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ராபிட் இனம். ஆகவே லெவரெட் வருமிடத்தில் ‘காட்டுமுயல் குட்டி’ என்றும், ராபிட்டின் குட்டி வருமிடத்தில் ‘வளைமுயல் குட்டி’ என்றும் எழுதுங்கள். கதையில் யாராவது புல்வெளியில் ஒரு குட்டியைக் கண்டெடுத்தால் அது பெரும்பாலும் லெவரெட்டாகவே இருக்கும்.